பன்னாட்டுத் தொழில்முனைவுப் படிப்பில் சாதி எந்தப் பாடம்?

கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



உங்களில் பலர் இளங்கலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள். எம்பிஏ படிக்கலாமா, படித்தால் எந்தப் பிரிவு என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பன்னாட்டு வணிகம், தொழில்முனைவு, இரண்டையும் சேர்த்துப் பன்னாட்டுத் தொழில்முனைவு என்று பல்கலைக்கழகங்களில் தனிப் பாடங்கள் வந்துவிட்டன. வெளிநாடுகளில் இதற்கென்றே முதுகலைப் பட்டங்கள் இருக்கின்றன. வீட்டின் முதல் பட்டதாரி ஒருவர், கல்விக் கடன் வாங்கி இந்தப் படிப்பில் சேர்ந்தால் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் இயக்கங்களுக்குள் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. "அது முதலாளிகளை உருவாக்கும் படிப்பு, நமக்கு எதற்கு?" என்பது ஒன்று. "வேலை கேட்டு நின்றது போதும், வேலை கொடுப்பவர்களாக மாறுவோம். பணம் வந்தால் சாதி தானாகப் போய்விடும்" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் அந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. நாம் திறந்து பார்ப்போம்.

இந்தத் துறையில் முதலில் சொல்லித்தரும் கோட்பாடு சுவீடனிலிருந்து வந்தது. உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் யோகான்சன், யான் எரிக் வால்னே ஆகிய இருவரும் 1977ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சுவீடன் நிறுவனங்கள் வெளிநாடுகளுக்குப் போன வழியை ஆராய்ந்து அவர்கள் சொன்னது இதுதான்: ஒரு நிறுவனம் முதலில் தனக்குப் பழக்கமான அண்டை நாட்டுக்குப் போகிறது. முதலில் முகவர் மூலம் விற்கிறது, பிறகு சொந்தக் கிளை திறக்கிறது, கடைசியாகத் தொழிற்சாலை கட்டுகிறது. மொழியும் சட்டமும் பழக்கவழக்கமும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவ்வளவு தயக்கம். இந்தத் தயக்கத்தின் அளவுக்கு 'உளத் தொலைவு' என்று பெயர்.

அடுத்த பாடம் 1994ல் வந்தது. பெஞ்சமின் ஓவியாட், பட்ரீசியா மெக்டூகல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், சில நிறுவனங்கள் இப்படிப் படிப்படியாகப் போவதில்லை, பிறக்கும்போதே பன்னாட்டு நிறுவனங்களாகப் பிறக்கின்றன என்றார்கள். கணினி மவுஸ் செய்யும் லாஜிடெக் இதற்கு நல்ல உதாரணம். 1981ல் சுவிட்சர்லாந்தின் ஒரு சிற்றூரில் தொடங்கிய நிறுவனம் அது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுவிஸ்காரர், மற்ற இருவர் இத்தாலியர்கள். சுவிஸ்காரரும் ஓர் இத்தாலியரும் அறிமுகமானது எங்கே தெரியுமா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஒன்றாக முதுகலை படித்தபோது. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் என்ன விற்கிறது என்ற கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது.

மூன்றாவது பாடம்தான் நமக்கு முக்கியம். அந்த இரண்டு சுவீடன்காரர்களும் 2009ல் தங்கள் கோட்பாட்டைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். அந்நிய நாடு என்பதைவிடப் பெரிய தடை, சரியான வலைப்பின்னலுக்கு வெளியே நிற்பதுதான் என்றார்கள். யாரிடம் சரக்கு வாங்கலாம், யார் ஒழுங்காகப் பணம் கொடுப்பார்கள், எங்கே புதிய தேவை எழுகிறது என்ற செய்திகள் எல்லாம் ஒருவரையொருவர் நம்பும் வட்டத்துக்குள்தான் ஓடுகின்றன. அந்த வட்டத்துக்குள் இல்லாதவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஒரு சுமையோடுதான் ஓட வேண்டும். இதை நாம் 'வெளியாள் சுமை' என்று சொல்லலாம்.

தோழர்களே, இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்குச் சாதியைப் பற்றி எழுதியதுபோல் தோன்றுகிறது. ஆனால் பாடப் புத்தகத்தில் இந்த வெளியாள் எப்போதும் கடல் தாண்டிப் போனவர். தான் பிறந்த ஊரிலேயே, தன் தெருவைத் தாண்டியதும் வெளியாளாகிவிடும் மனிதர் அந்தப் புத்தகத்தில் இல்லை. நான் இன்று சொல்ல வந்தது இதுதான். இந்தப் படிப்பு தன் கையில் வைத்திருக்கும் மிகக் கூர்மையான கருவியை நம் நாட்டின்மீது பயன்படுத்துவதே இல்லை. அதை எடுத்துப் பயன்படுத்தும் மாணவர்கள் அந்த வகுப்பில் உட்கார வேண்டும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாட்டுக்கோட்டை நகரத்தாரை எடுத்துக்கொள்வோம். உப்சாலா கட்டுரை வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று கொண்டுவிக்கப் போனவர்கள் அவர்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஒரு நாள் முதலாளியாகவும் ஆகலாம். உறவினர்களிடமும் கோயில்களிடமும் திரண்ட பணம் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நம்பிக்கையின் பேரில் போகும். இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். பயிற்சி, மூலதனம், காப்பீடு, தகவல் நான்கும் ஒரே சாதிக்குள் கிடைத்தன. டேவிட் ரட்னர் என்ற மானிடவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1994ல்தான். வணிகத் துறை மாணவர் ஓவியாட்டையும் மெக்டூகலையும் படிக்கிறார். ரட்னரின் நூல் மானிடவியல் அலமாரியிலேயே இருந்துவிடுகிறது.

நகரத்தாரின் உழைப்பையும் கணக்குத் திறனையும் யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1930ல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், பயிரிடுவோர் வசமிருந்த நிலத்தில் செட்டியார்களிடம் இருந்தது 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனைக் கட்ட முடியாத உழவர்கள் நிலத்தை இழந்தார்கள். 1938ல் அது 25 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 'வாய்ப்பைக் கண்டறிந்தவரின்' வெற்றிக் கதையை மட்டும் சொல்லித்தரும் படிப்பில் அந்த பர்மிய உழவர் எந்தப் பாடத்தில் வருகிறார்?

இப்போது இன்றைய திருப்பூருக்கு வருவோம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். தமிழ்நாட்டில் பன்னாட்டுத் தொழில்முனைவுக்கு இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் இந்த ஊரின் நிறுவனங்களை ஆராய்ந்து 2004ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூரில் வலுவாக இருக்கும் கவுண்டர் சமூகத்தினரின் நிறுவனங்கள் கூடுதல் மூலதனத்தோடு தொடங்குகின்றன. வெளியாரின் நிறுவனங்கள் குறைந்த மூலதனத்தோடு தொடங்குகின்றன, ஆனால் அவற்றின் உற்பத்தி வேகமாக வளர்கிறது. இதற்கு என்ன பொருள்? பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போகிறது.

அந்த ஆய்வின் 'வெளியார்' என்ற சொல்லுக்குள் இருப்பவர்களும் பெரும்பாலும் ஏதோ ஒரு வணிகச் சாதியின் ஆதரவு உள்ளவர்கள்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தினமும் பேருந்து ஏறி வந்து தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் தலித் தொழிலாளிக்கு அந்தப் போட்டியில் நுழைவுச் சீட்டே இல்லை. துணியைத் தெரியும், தையலைத் தெரியும், எந்த நாட்டுக்கு எந்த அளவு என்பதும் தெரியும். முதல் ஆர்டரை நம்பிக் கொடுக்க ஆள் கிடையாது, அடமானம் வைக்க நிலம் கிடையாது.

"தொழில் தெரிந்தால் போதும், சந்தை தானாக வரும்" என்று யாராவது சொன்னால் ஆக்ராவைக் காட்டுங்கள். அங்கே ஜாதவ் சமூகத்தினர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காலணித் தொழிலில் கால் ஊன்றினார்கள். சிலர் பட்டறை உரிமையாளர்களாகவும் ஆனார்கள். வட இந்தியாவில் அம்பேத்கர் இயக்கத்தைத் தாங்கிய தூண்களில் அவர்களும் உண்டு. ஆனால் செருப்புத் தைப்பவர் ஒரு சாதி, அதை வாங்கி விற்பவர் வேறு சாதி. டச்சு ஆய்வாளர் பீட்டர் நோரிங்கா 1990களில் அங்கே கண்டதைக் கேளுங்கள். கூடை நிறையக் காலணிகளைக் கொண்டுவரும் கைவினைஞருக்கு வணிகர் ரொக்கம் கொடுப்பதில்லை, ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். பணம் சில மாதம் கழித்து. நாளைக்குத் தோல் வாங்கியாக வேண்டும் என்றால் அந்தச் சீட்டைத் தள்ளுபடியில் விற்றுத்தான் ரொக்கமாக்க முடியும். ஆக, சரக்கையும் கொடுத்து வணிகருக்குக் கடனும் கொடுப்பவர் ஏழைக் கைவினைஞர். சோவியத் ஒன்றியம் வரைக்கும் போன ஆக்ரா காலணிகளின் பின்னால் இருந்த ஏற்பாடு இதுதான். திறமையும் தயாரிப்பும் ஒருவரிடம், சந்தையின் சாவி மற்றவரிடம்.

ஒட்டுமொத்தக் கணக்கும் இதையே சொல்கிறது. மக்கள் தொகையில் 16.4 விழுக்காடு இருந்த பட்டியல் சாதியினர், 2005ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நிறுவனங்களில் 9.8 விழுக்காட்டுக்குத்தான் உரிமையாளர்கள். அவற்றிலும் பெரும்பாலானவை வெளியிலிருந்து ஓர் ஆளைக்கூட வேலைக்கு வைக்க முடியாத சிறு கடைகள், சிறு பட்டறைகள். மேலே போகப் போக இன்னும் மோசம். நாட்டின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2012ல் வெளிவந்தது. உறுப்பினர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு.

இந்தச் சுமையைத் தன் தோளில் உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர், பம்பாயில் பங்குச் சந்தை வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அவருடைய சாதி தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். நாட்டிலேயே அவரைவிட நன்றாகப் பணத்தின் இயக்கத்தைப் படித்தவர்கள் அப்போது எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சில ஆண்டுகளில், 1923ல், ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்காக லண்டன் பொருளியல் பள்ளியில் உயர் பட்டம் பெற்றவர் அவர். பட்டமும் இருந்தது, திறமையும் இருந்தது. வாடிக்கையாளர் வரவில்லை.

அதன்பின் 1918ல் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆம் தோழர்களே, அம்பேத்கர் வணிகக் கல்லூரி ஆசிரியராகவும் இருந்தவர். அங்கேயும் பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். வகுப்பறையில் சந்தை எல்லோருக்கும் பொது என்று பாடம். ஓய்வறையில் தண்ணீர்ப் பானை பொது இல்லை.

வெளிநாடு போய்விட்டால் இது தீர்ந்துவிடுமா? வலைப்பின்னலும் விமானம் ஏறுகிறது. தன் 23 வளாகங்களுக்கும் பொருந்தும்படி சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பை கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் அறிவிக்க வேண்டி வந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய இதே மாதிரியான மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். தொழில்முனைவு மாணவர்கள் முதலீடு தேடிப் போகும் அதே மாநிலத்தில்தான் இந்தச் சண்டை நடக்கிறது.

அப்படியென்றால் இதெல்லாம் ஏன் பாடத்தில் இல்லை? பாடம் எழுதும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அகமதாபாத் ஐஐஎம் தொடங்கப்பட்டது 1961ல். அதன் முனைவர் பட்டப் படிப்புச் சேர்க்கையில் இட ஒதுக்கீடு வந்தது 2025ல். அதுவும் பொதுநல வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு. நாட்டின் மேலாண்மைத் துறைக்குப் பேராசிரியர்களை உருவாக்கும் இடத்தில் அறுபது ஆண்டுக்கும் மேல் அந்தக் கதவு சாத்தியிருந்தால், வகுப்பில் விவாதிக்கும் நிறுவனக் கதைகளில் நம்முடைய கதைகள் எப்படி வரும்?

இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோர் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். 2022ல் வந்த அதன் வழிகாட்டுதல்களில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று எழுதிவிட்டார்கள். ஒரு தலித் மாணவி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுத் தொழில்முனைவு பற்றி ஆராயலாம். திருப்பூரில் சாதியும் கடனும் என்று தலைப்பு வைத்தால் நிராகரிக்க வழி இருக்கிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன இளைஞர் 1916ல் அங்கே இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றிக் கட்டுரை படித்தார். மன்னராட்சிக் காலத்து உதவித்தொகை அனுமதித்ததைக் குடியரசின் உதவித்தொகை அனுமதிக்கவில்லை.

இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டு பதில்களுக்கும் வருவோம்.

"அது முதலாளிகளின் படிப்பு" என்று ஒதுக்குவதால் முதலாளிக்கு ஒரு நட்டமும் இல்லை. கடன் யாருக்குப் போகிறது, ஏற்றுமதி ஆர்டர் யார் கைக்குப் போகிறது என்பதைப் படிக்கத் தெரிந்த ஆள் நம்மிடம் இல்லாமல் போவதுதான் மிச்சம். அம்பேத்கர் முக்கியத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும் என்று 1947ல் எழுதியவர். அந்த முடிவுக்கு அவர் வந்தது வங்கியையும் நாணயத்தையும் கரைத்துக் குடித்த பிறகுதான்.

"பணம் வந்தால் சாதி போய்விடும்" என்பதற்கும் ஆக்ராவே பதில். பட்டறை வந்தது, சந்தை வரவில்லை. தனியாக ஒருவர் கோடீஸ்வரர் ஆவது செய்தி. அவருக்குப் பின்னால் வருகிற நூறு பேருக்கு வழி திறப்பதுதான் மாற்றம். அந்த வழியைத் திறக்க அரசு வேண்டும், சட்டம் வேண்டும், கணக்குக் கேட்கும் இயக்கம் வேண்டும்.

அதனால் படியுங்கள். ஆனால் இவற்றைச் செய்துகொண்டே படியுங்கள்.

முதலில், நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுமதி செய்ய வேண்டிய குறியீட்டு எண்ணை பான் அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் 500 ரூபாய் கட்டணத்தில் ஆன்லைனில் வாங்கிவிடலாம். அந்தப் படிவத்தில் சாதித் தடை இல்லை. தடை அடுத்த படியில் இருக்கிறது. ஆர்டரைக் காட்டி, சரக்கு அனுப்பும் முன் வங்கியில் வாங்கும் கடனுக்கு அடமானம் கேட்பார்கள். வாங்குபவர் ஏமாற்றினால் ஈடுசெய்ய 1957 முதல் அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. இது எத்தனை சிறு தொழில்முனைவோருக்குத் தெரியும்? உள்ளே இருப்பவர்களுக்கு மாமா, சித்தப்பா வழியாகத் தெரிகிற செய்திகள் இவை. நமக்கு அந்த உறவு வட்டம் இல்லை என்றால், படித்தவர் சொல்லித்தர வேண்டும்.

இரண்டாவது, உங்கள் ஆய்வுத் திட்டங்களை இதில் செலவிடுங்கள். எம்பிஏவில் எப்படியும் ஒரு திட்ட அறிக்கை எழுதியாக வேண்டும். ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தொழில் கடன் தர வேண்டும் என்று 2016ல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் ஆணை. உங்கள் ஊர்க் கிளை யாருக்குக் கொடுத்தது? உங்கள் மாவட்டத்தில் இருக்கும் பொதுத்துறை நிறுவனம் யாரிடம் வாங்கியது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து மாணவர்கள் பத்து மாவட்டங்களில் கேட்டால் அதுவே ஒரு நல்ல ஆய்வு.

மூன்றாவது, வகுப்பில் கேள்வி கேளுங்கள். 'வலைப்பின்னல்' என்ற சொல் வரும் ஒவ்வொரு முறையும், "இந்த வலைப்பின்னலில் யார் இல்லை, ஏன் இல்லை?" என்று கேளுங்கள். ரட்னரும் நோரிங்காவும் பாடத்திட்டத்தில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டு உதவித்தொகையின் தலைப்புத் தடை முழுமையாக நீங்க வேண்டும் என்பதை மாணவர் அமைப்புகள் பொதுக் கோரிக்கையாக எடுக்க வேண்டும்.

நான்காவது, லாஜிடெக் கதையை மறந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் மிக விலை உயர்ந்த பொருள் சக மாணவர்தான். உங்களுக்கு முன் படித்துவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடியுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்குத் தொலைபேசியை எடுங்கள். அதே நேரத்தில் ஒன்றைக் கவனமாக இருங்கள். நாம் கட்டும் வட்டம் இன்னொரு சாதிச் சங்கமாகிவிடக் கூடாது. நுழைவதற்குப் பிறப்பைக் கேட்காத வட்டமாக, பெண்களும் அருந்ததியரும் பழங்குடியினரும் கடைசி வரிசையில் நிற்காத வட்டமாக அது இருக்க வேண்டும். சந்தையில் சாதியை எதிர்க்கிறவர்கள் சாதியால் ஆன இன்னொரு சந்தையைக் கட்ட முடியாது.

படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். உதவித்தொகைப் படிவத்தை நிரப்பத் தெரிந்த தோழர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

ஜெய்பீம்.